சராசரி யாருக்கு வேணும்? கோடு போட்ட தாளைக் காட்டுங்க!

பி.காம். படிக்கிறவன் யாரைக் கேட்டாலும் "டேலி தெரியும்ணே" என்பான். லெட்ஜர் போடுவான், வவுச்சர் என்ட்ரி போடுவான், ஜி.எஸ்.டி. கூட போட்டுக் காட்டுவான். கணக்கு ரெண்டு பக்கமும் ஒத்து வந்தா "டேலி ஆயிடுச்சு"ன்னு சொல்றோமே, அந்தச் சொல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க, முழிப்பான். நாலு கோடு போட்டு அஞ்சாவதைக் குறுக்கே இழுத்து எண்ணுறோமே, அதுக்கும் டேலின்னுதான் பேரு மக்கா. ஆறாங்கிளாஸ் புத்தகத்துல "நேர்க்கோட்டுக் குறிகள்"னு போட்டிருக்கும். படிச்சு மறந்திருப்பீங்க.

இந்தப் பதிவு அந்தக் கோட்டைப் பத்திதான். சின்னப்புள்ளை சமாச்சாரம்னு நினைக்கிறவங்க இப்பவே கிளம்பலாம். இருக்கிறவங்க கொஞ்சம் பொறுமையா இருங்க, இதுக்குப் பின்னாடி காசு இருக்கு, எங்க ஊர்க்காரங்க வயித்துப்பாடு இருக்கு.

முதல்ல எங்க படிப்பைத் திட்டிடறேன். புள்ளியியல் பேப்பர்ல கேள்வி எப்படி வரும்? "கீழ்க்காணும் நிகழ்வெண் அட்டவணையிலிருந்து கூட்டுச் சராசரி, இடைநிலை, முகடு காண்க." அட்டவணை ரெடியா இருக்கும். 0-10ல 5 பேர், 10-20ல 8 பேர், 20-30ல 12 பேர். யாருய்யா இவங்க? எந்த ஊரு? யாரு போய் எண்ணினா? எண்ணினவன் ஒழுங்கா எண்ணினானா, டீக்கடையில உக்காந்து எழுதினானா? ஒருத்தரும் கேக்க மாட்டோம். சூத்திரத்துல போட்டு, ரெண்டு தசம இடத்துக்கு விடை எழுதி, கீழ ரெண்டு கோடு இழுத்துட்டு வந்துடுவோம். இத்தனை செமஸ்டர்ல ஒரு தடவை கூட வெளிய போய் எதையாவது எண்ணி வான்னு எங்களை யாரும் சொன்னதில்லை. சமைக்கத் தெரியாதவன் சாப்பாட்டுக்கு மார்க் போடுற கதை.

இதனால என்ன குடிமுழுகிப் போச்சுன்னு கேட்பீங்க. குடி முழுகிறது எங்கன்னு சொல்றேன், வாங்க எட்டயபுரத்துக்கு.

எட்டயபுரம்னதும் பாரதி பிறந்த வீடு, மணிமண்டபம்னு ஆரம்பிச்சுடாதீங்க. அதை எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. நான் சொல்றது அந்த ஊரைச் சுத்தி, கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவுல, கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் கறுப்பாக் கிடக்கிற கரிசக்காடு. ஆறு கிடையாது, கால்வாய் கிடையாது. முக்கால்வாசி மானாவாரி. புரட்டாசியில விதைப்பாங்க, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி வானத்தைப் பார்ப்பாங்க, தை மாசியில உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், கம்புன்னு கிடைச்சதை வீட்டுக்குக் கொண்டு வருவாங்க. கிடைக்கலைன்னா இருக்கவே இருக்கு இன்சூரன்ஸ். இருக்கா?

2016லேர்ந்து பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம். ராபி பருவ உணவுப் பயிருக்கும் எண்ணெய்வித்துக்கும் காப்பீட்டுத் தொகையில 1.5 சதவீதம் வரைக்கும் விவசாயி கட்டணும், மிச்ச பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டும். நஷ்டஈடு எப்படிக் கணக்குப் போடுறாங்கங்கிறதுதான் விஷயம். உங்க நிலத்துல என்ன விளைஞ்சதுன்னு யாரும் வந்து பார்க்க மாட்டாங்க. (வெள்ளம், அறுவடைக்குப் பின் நஷ்டம்னு சிலதுக்குத் தனி விதி இருக்கு, அதுக்குள்ள நான் போகலை.) ஒரு கிராமம், இல்லைன்னா ஒரு பிர்கா, பயிரைப் பொறுத்து ஒரு அலகுன்னு வச்சுக்குவாங்க. அந்த அலகுக்குள்ள குலுக்கல் முறையில சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, பெரும்பாலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அதுக்குள்ள இருக்கிறதை மட்டும் அறுத்து எடை போடுவாங்க. இதுக்குப் பேரு பயிர் அறுவடைப் பரிசோதனை. கிராம ஊராட்சி அளவுல முக்கியப் பயிருக்குக் குறைஞ்சது 4 இடம், பிர்கா அளவுல குறைஞ்சது 10 இடம்னு விதி. அந்த எடைகளோட சராசரிதான் அந்த அலகுல இருக்கிற அத்தனை பேரோட "நடப்பு மகசூல்".

அடுத்து, முந்தைய 7 வருஷத்துல நல்லா விளைஞ்ச 5 வருஷத்தோட சராசரியை எடுத்து, 70, 80, 90 சதவீதத்துல எது அந்தப் பயிருக்குப் பொருந்துதோ அதால பெருக்கி "உத்தரவாத மகசூல்"னு ஒண்ணு வைப்பாங்க. நடப்பு மகசூல் இதுக்குக் கீழ போனா, எவ்வளவு சதவீதம் குறைஞ்சதோ அந்தச் சதவீதம் காப்பீட்டுத் தொகை கிடைக்கும். கீழ போகலைன்னா? பூஜ்யம். எல்லாருக்கும் பூஜ்யம். உன் காட்டுல ஒரு செடி கூட முளைக்கலைன்னாலும் பூஜ்யம்.

கவனிச்சீங்களா, இதுல எத்தனை சராசரி இருக்குன்னு? எடைகளோட சராசரி, வருஷங்களோட சராசரி. இந்தச் சராசரிகளுக்கு அடியில கிடக்கிற தனித்தனி எண்கள் எங்க? எங்க பக்கத்து ஊருகள்ல எந்தச் சாவடிச் சுவரிலும், எந்தப் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையிலும் அதை எழுதிப் போட்டு நான் பார்த்ததில்லை. "உங்க ஊருக்கு வரலை"ங்கிற ஒரு வரிதான் வரும். ஏன் வரலைன்னு கேட்டா "மகசூல் சராசரி கூடுதலா வந்துடுச்சு". அவ்வளவுதான். தீர்ப்பு உண்டு, சாட்சி கிடையாது.

இப்ப ஒரு கணக்கு. கீழ இருக்கிற எண்கள் நானே போட்டது, புரியறதுக்காக. யாரும் இதைத் தூக்கிட்டுப் போய் எங்கயும் ஆதாரம்னு காட்டிடாதீங்க. ஒரு ஊர்ல 40 பேர் உளுந்து போட்டிருக்காங்க. ஏக்கருக்கு எத்தனை கிலோ கிடைச்சதுன்னு ஒவ்வொருத்தரா கேட்டுக் கோடு போடுறோம். (குறுக்குக் கோடு டைப் பண்ண வரலை. அதனால அஞ்சஞ்சா இடைவெளி விட்டிருக்கேன், கோவிச்சுக்காதீங்க.)

50 கிலோவுக்குக் கீழ: ||||| ||||| |||| (14 பேர்)
50 முதல் 100க்குள்: |||| (4 பேர்)
100 முதல் 150க்குள்: || (2 பேர்)
150 முதல் 200க்குள்: |||| (4 பேர்)
200 முதல் 250க்குள்: ||||| | (6 பேர்)
250 முதல் 300க்குள்: ||||| ||||| (10 பேர்)

ஒவ்வொரு பிரிவோட நடுப்புள்ளியையும் எண்ணிக்கையால பெருக்கிக் கூட்டினா 5,700. 40ஆல வகுத்தா 142.5 கிலோ. இதுதான் சராசரி. இப்ப அட்டவணையில 142.5 எந்தப் பிரிவுல வருதுன்னு பாருங்க. 100 முதல் 150. அங்க இருக்கிறது ரெண்டே ரெண்டு பேர்! 40 பேருக்கும் சேர்த்துத் தீர்ப்பு சொல்ற எண்ணு, அந்த ஊர்ல கிட்டத்தட்ட யாருக்குமே நடக்காத ஒண்ணு. உத்தரவாத மகசூல் 140ன்னு வச்சுக்கோங்க. கதை முடிஞ்சுது. 50 கிலோ கூட எடுக்காத 14 பேரும் வெறுங்கையோட போக வேண்டியதுதான்.

இன்னொரு கூத்தையும் பாருங்க. அந்த 40ல 4 வயலைக் குலுக்கி எடுக்கிறோம். நாலுமே 150 கிலோவுக்கு மேல விளைஞ்ச 20 பேர் காட்டுல விழ என்ன வாய்ப்பு? சேர்மானக் கணக்கு போட்டுப் பாருங்க, நமக்குத்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்களே. ஏறக்குறைய 19க்கு ஒரு தடவை. அப்படி விழுந்தா அந்த ஊரோட மகசூல் 240க்குப் பக்கத்துல போயிடும். அதே மாதிரி நாலும் கீழ்ப்பாதியில விழவும் அதே வாய்ப்பு, அப்ப நல்லா விளைஞ்சவருக்கும் நஷ்டஈடு வரும். இதுல யாரும் திருடணும்னு அவசியமே இல்லை. நேர்மையான ஆள், நேர்மையான கயிறு, நேர்மையான தராசு. எண்களை மூடி வைக்கிறதே போதும், ஊர் முழுக்க "எவனோ காசு வாங்கிட்டான்"னு பேச ஆரம்பிச்சுடும். பேசுறாங்களா இல்லையா? கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் பயிர்க் காப்பீட்டுக்காக மனு, முற்றுகைன்னு பேப்பர்ல செய்தி வராத வருஷம் அபூர்வம்.

"அப்ப தனித்தனியா ஒவ்வொரு காட்டையும் அளக்கச் சொல்றியா"ன்னு கேட்கலாம். இல்லை அண்ணாச்சி. ஒவ்வொருத்தர் காட்டையும் அளந்தா செலவு கட்டாது, ஏமாத்துறதுக்கும் வழி கூடும். அதனாலதான் பகுதி முறை வேணும்னு பொருளாதார அறிஞர் வி.எம். தண்டேகர் 1976ல எழுதினார். 1985ல வந்த திட்டம், 1999ல வந்த திட்டம், இப்ப இருக்கிறது எல்லாமே அந்த யோசனையோட பேரப்பிள்ளைகள். ஆனா அந்த யோசனைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பகுதி ஒரே சீரா இருக்கணும். ஒருத்தனுக்கு விளைஞ்சா எல்லாருக்கும் விளையணும், ஒருத்தனுக்குக் காய்ஞ்சா எல்லாருக்கும் காயணும். அப்பத்தான் சராசரிக்கு அர்த்தம்.

சீரா இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் மக்கா நிகழ்வெண் அட்டவணை! மேல போட்ட அட்டவணையைத் திரும்பப் பாருங்க. மேல ஒரு குவியல், கீழ ஒரு குவியல், நடுவுல காலி. ரெட்டை முகடு. இது ஒரு ஊர் இல்லை, ஒரே பேருல இருக்கிற ரெண்டு ஊர். ரோட்டுக்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் புழுதின்னு கரிசக்காட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. ரெட்டை முகடு வருஷா வருஷம் வந்துச்சுன்னா அலகைப் பிரிக்கணும். பிரிக்கணுமா வேண்டாமான்னு சராசரி சொல்லவே சொல்லாது. கோடு சொல்லும்.

மழைக் கணக்கும் இதே லட்சணம்தான். தூத்துக்குடி மாவட்டத்துல வருஷத்துக்குச் சராசரியா 600, 700 மி.மீ. மழைன்னு எழுதுவாங்க. 2023 டிசம்பர் 18 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல காயல்பட்டினத்துல மட்டும் 946 மி.மீ. கொட்டுச்சு. ஒரு வருஷத்து மழை ஒரே நாள்ல, அதுக்கு மேலயும். கோவில்பட்டியிலும் அரை மீட்டரை ஒட்டிப் பெய்ஞ்சது. அந்த வருஷ மொத்தத்தைப் பார்த்துட்டு "ஆஹா, இந்த வருஷம் அமோகமான மழை"ன்னு யாராவது சொன்னா அவரைக் கூட்டிட்டுப் போய் அழுகிக் கிடந்த பயிரைத்தான் காட்டியிருக்கணும்.

வானிலைத் துறை இந்த விஷயத்துல பரவாயில்லை, ஏன்னா அவங்ககிட்ட பிரிவு இடைவெளி இருக்கு. 15.6 முதல் 64.4 மி.மீ. வரை மிதமான மழை, 64.5லேர்ந்து கனமழை, 115.6லேர்ந்து மிகக் கனமழை, 204.4ஐத் தாண்டினா அதி கனமழை. தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து எழுதின எண்ணை இந்தப் பிரிவுகள்ல கோடாப் போட்டா வருஷத்தோட முகம் தெரிஞ்சுடும். ஆனா இங்கயும் ஒரு சண்டை இருக்கு. 2.5 மி.மீ. பெய்ஞ்சாலே அது "மழை நாள்". 2.5 மி.மீ. கரிசல்ல விழுந்தா என்ன ஆகும்? புழுதி அடங்கும். வெடிப்பு வாய் திறந்தபடியே கிடக்கும். எங்க ஊர்ப் பெரியவங்க பிரிவு இடைவெளி வேற. தூத்தல், ஒரு உழவு மழை, ரெண்டு உழவு மழை. ஏர் இறங்குற அளவுக்கு மண்ணு நனைஞ்சுதாங்கிறதுதான் அவங்க அளவுகோல். பிரிவை எங்க வெட்டுறோம்கிறது கணக்கு இல்லை மக்கா, அது அரசியல். 0 முதல் 100 கிலோன்னு ஒரே பிரிவாப் போட்டுட்டா, ஒண்ணுமே எடுக்காதவனும் 99 கிலோ எடுத்தவனும் ஒரே கோட்டுக்குள்ள ஒளிஞ்சுக்குவாங்க.

கி.ரா. இந்த மண்ணோட சொல்லையெல்லாம் சேகரிச்சு அகராதியே போட்டுட்டுப் போனார். எண்ணைச் சேகரிக்கத்தான் ஆளில்லை.

சரி, முதல்ல கேட்ட கேள்விக்கு வர்றேன். டேலி ஆகுதுன்னு ஏன் சொல்றோம்? இங்கிலாந்துல 12-ம் நூற்றாண்டுலேர்ந்து கஜானாக் கணக்கைக் குச்சியில வச்சிருந்தாங்க. ஆயிரம் பவுனுன்னா உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெட்டு, நூறுன்னா கட்டைவிரல் அகலம், இருபதுன்னா சுண்டுவிரல், ஒரு பவுனுக்கு ஒரு வாற்கோதுமை மணி அகலம். வெட்டி முடிச்சதும் குச்சியை நீளவாக்குல ரெண்டா பிளப்பாங்க. வெட்டு ரெண்டு பாதியிலும் இருக்கும். ஒரு பாதி பணம் கொடுத்தவன்கிட்ட, மறு பாதி வாங்கினவன்கிட்ட. பின்னாடி தகராறு வந்தா ரெண்டையும் சேர்த்து வச்சுப் பார்ப்பாங்க. பொருந்தினா டேலி. ஒருத்தன் ஒரு வெட்டைக் கூடப் போட்டாலும் காட்டிக் கொடுத்துடும். கொடுத்தவன் கையில இருந்த பாதிக்குப் பேரு ஸ்டாக். நாம மூணு வருஷமா படிக்கிற ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச், ஸ்டாக் ஹோல்டர் எல்லாம் அந்தக் குச்சிக்குப் பொறந்த பிள்ளைங்கதான். 1826ல இந்த முறையை நிறுத்தினாங்க. மிச்சமிருந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16ம் தேதி பாராளுமன்றக் கட்டடத்து அடுப்புல போட்டு எரிக்கப் போய், பாராளுமன்றமே எரிஞ்சு போச்சு. குச்சியை எப்படிக் கையாளணும்னு கோவில்பட்டிக்காரன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் :)

இந்தக் குச்சிக் கதையை எதுக்குச் சொல்றேன்னா, கணக்கு ரெண்டு பேர் கையிலும் இருக்கணும்கிறதுதான் டேலியோட உயிரே. நம்ம ஊர்லயும் அப்படித்தான் இருந்துச்சு. மோர்க்காரம்மா வீட்டுச் சுவத்துல புள்ளி வச்சுட்டுப் போகும். மாசக் கடைசியில ரெண்டு பேரும் நின்னு எண்ணுவாங்க. சுவர் வீட்டுக்காரருக்கும் தெரியும், மோர்க்காரம்மாவுக்கும் தெரியும், போற வர்றவனுக்கும் தெரியும். களத்துல தானியம் அளக்கும்போது "ஒண்ணு"ன்னு சொல்லாம "லாபம்"னு ஆரம்பிச்சு, "ரெண்டு, மூணு"ன்னு சத்தம் போட்டு எண்ணுவாங்க. எண்ணிக்கை தப்பக் கூடாதுன்னு மரக்காலுக்கு ஒரு புளியங்கொட்டையை ஓரமா எடுத்து வைப்பாங்கன்னு எங்க தாத்தா சொல்வார். நகரத்தார் இன்னைக்கும் குடும்பத்தைப் "புள்ளி"ன்னுதான் எண்ணுறாங்க. புள்ளிவிவரம்னு நாம சொல்ற வார்த்தையிலயே அந்தப் புள்ளி ஒட்டிக்கிட்டு இருக்கு. படிக்காத சனங்க எல்லாருக்கும் தெரியற மாதிரி வச்ச கணக்கை, படிச்ச நாம யாருக்கும் தெரியாம வச்சிருக்கோம்.

பயிர்க் காப்பீட்டுல யார் கையில எந்தப் பாதி இருக்கு? அறுத்து எடை போடுறப்ப காப்பீட்டு நிறுவன ஆள் கூட நின்னு பார்க்க விதியில இடம் உண்டு. எடையும் படமும் இடக்குறியும் செயலி வழியா அரசாங்கத்துக்குப் போயிடும். ஆக கம்பெனி கையில ஒரு பாதி, அரசாங்கம் கையில ஒரு பாதி. பிரீமியம் கட்டினவர் கையில? ரசீது.

"செயலி வந்துடுச்சு, செயற்கைக்கோள் வந்துடுச்சு, இன்னும் கோடு போட்டுக்கிட்டு இருக்கச் சொல்றியே"ன்னு கிளாஸ்ல ஒருத்தன் கேட்டான். செயலி நல்லதுதான் மக்கா. நெல்லுக்கும் கோதுமைக்கும் 2023 கரீப் பருவத்துலேர்ந்து செயற்கைக்கோள் உதவியோட மகசூலை மதிப்பிடுற ஏற்பாட்டையும் கொண்டு வந்தாங்க. அதையும் நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனா செயலிக்குள்ள போன எண்ணு வெளிய வர்றப்ப மறுபடியும் ஒத்தை எண்ணாத்தானே வருது? பூட்டு இரும்புல இருந்தா என்ன, தங்கத்துல இருந்தா என்ன, சாவி யாருகிட்ட இருக்கு? 2024 நவம்பர்ல தமிழ்நாட்டுல டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவர்களைக் காட்டுக்குள்ள இறக்கி விட்டாங்க. கருவி எவ்வளவு புதுசா இருந்தாலும் கடைசியில ஒரு ஆள் வரப்புல நின்னு "இது உளுந்து, இது பாசிப்பயறு"ன்னு சொல்லித்தான் ஆகணும்.

"விவசாயிங்களே எண்ணினா எல்லாரும் குறைச்சுத்தான் சொல்வாங்க"ங்கிறது அடுத்த வாதம். ஏசி ரூம்ல இருந்து வர்ற வாதம் இது. தனியா ரூம்ல கூப்பிட்டுக் கேட்டா குறைச்சுச் சொல்வாங்க, வாஸ்தவம். ஊர்ச் சுவத்துல சர்வே எண்ணைப் போட்டு எழுதுங்க. பக்கத்துக் காட்டுக்காரன் சும்மா இருப்பானா? "யோவ், உன் காட்டுலேர்ந்து அத்தனை மூட்டை ஏத்தினதை நான் பார்த்தேன்யா"ன்னு அவனே சொல்வான். பொய்யைப் பிடிக்க ஊரை விட நல்ல தணிக்கையாளர் கிடையாது, நம்ம ஆடிட்டிங் பேப்பர்ல இதை எழுதினா மார்க் போட மாட்டாங்க, அது வேற.

"நாலு எண்ணை வச்சு என்னத்த அட்டவணை போடுறது"ன்னு கேக்கிறவங்க சொல்றது நியாயம். நாலு எண்ணுக்கு அட்டவணை தேவையில்லை. அந்த நாலையும் அப்படியே எழுதிப் போடுங்க! எந்த சர்வே எண், எந்தத் தேதி, ஈர எடை எவ்வளவு, காய்ஞ்ச எடை எவ்வளவு. நாலு வரி. அதோட அந்த அலகுல கடந்த 7 வருஷத்து எண்கள். இதுக்கு ஒரு டப்பா பெயின்ட்டும் ஒரு பிரஷ்ஷும் போதும்.

நடக்காத காரியம்னு சொல்றவங்களுக்கு ஒரு உதாரணம். ராஜஸ்தான்ல 1990ல ஆரம்பிச்ச மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ன பண்ணுச்சு? பஞ்சாயத்து வேலைக்கு எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை நாள் கூலின்னு எழுதின மஸ்டர் ரோலை வாங்கி, 1994லேர்ந்து ஊரைக் கூட்டி வச்சுச் சத்தமா வாசிச்சாங்க. அவ்வளவுதான். செத்துப் போனவங்க பேருல கூலி, கட்டாத கட்டடத்துக்குக் கணக்குன்னு அங்கங்க வெளிய வந்துச்சு. அந்த மாதிரிப் போராட்டங்கள் வளர்ந்துதான் 2005ல தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்துச்சு. நாம மனு போட்டுக் கேக்கிற பிரிவைத்தான் எல்லாரும் பேசுறோம். அதே சட்டத்துல 4-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. யாரும் கேக்காமலே அரசு அலுவலகங்கள் தங்களோட தகவலைத் தானா முன்வந்து மக்களுக்குப் புரியற மாதிரி வெளியிடணும்னு சொல்லுது. பயிர் அறுவடைப் பரிசோதனை எடை அதுக்குள்ள வராதுன்னு யாராவது வாதாடட்டும், கேட்டுக்கிறேன்.

அரசாங்கம் போடுற வரைக்கும் நாம என்ன பண்றது? இங்கதான் நம்ம வகுப்புக்காரங்களைக் கூப்பிடுறேன். தை, மாசியில அறுப்பு நடக்கிறப்ப ஆளுக்கு ஒரு ஊர். களத்துக்குப் போங்க. ஒரு நோட்டு, ஒரு பென்சில். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க: முதல்ல எண்ணை எழுதுங்க, பிறகு பிரிவைப் போடுங்க. எடுத்தவுடனே பிரிவைப் போட்டுக் கோடு இழுத்தா, பின்னாடி பிரிவை மாத்தணும்னா வழியில்லை, மூல எண்ணு போயே போச்சு. அதே மாதிரி 0-50, 50-100ன்னு போட்டா 50 எங்க போகும்னு முதல்லயே முடிவு பண்ணிக்கோங்க, இல்லைன்னா ரெண்டு பேர் ரெண்டு விதமா போடுவாங்க. மூட்டைன்னு சொன்னா எத்தனை கிலோ மூட்டைன்னு கேளுங்க. ஏக்கரா, குறுக்கமான்னு கேளுங்க. "ஒண்ணும் கிடைக்கலை தம்பி"ன்னு சொல்றவரை விட்டுட்டு வராதீங்க, அவரும் ஒரு கோடு. அட்டவணையிலேயே முக்கியமான கோடு அவர்தான், ஏன்னா அவர் களத்துக்கே வந்திருக்க மாட்டார். வீட்டுக்குப் போய்த்தான் கேக்கணும்.

ரெக்கார்டு நோட்டுக்கு மார்க் கிடைக்குமான்னு கேக்காதீங்க. கிடைக்காது. எண்ணி முடிச்சதும் அந்தத் தாளை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு பஸ் ஏறிடாதீங்க. ஒரு நகலை அந்த ஊர்லயே, டீக்கடையிலயோ சாவடியிலயோ ஒட்டிட்டு வாங்க. தப்புன்னு யாராவது பேனாவால அடிச்சுத் திருத்தினா, அந்தத் திருத்தத்தையும் ஒரு படம் எடுத்து வச்சுக்கோங்க. இந்தத் தைக்கு எட்டயபுரம் சுத்துப்பட்டு எனக்கு, விளாத்திகுளம், புதூர் பக்கம் போக ரெண்டு பேர் வேணும். பைக் இருந்தா நல்லது.